பக்கத்துக்கு வெளியே ஒரு புள்ளி

ஷமீலா அந்த வாசிப்புப் பலகையைக் கையில் வாங்கியதும் முதலில் மோந்து பார்த்தாள். பிறகு திருப்பினாள். பின்மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது.

“பேட்டரி வீங்கிட்டு பிள்ள. உப்பு உள்ள வரைக்கும் எறங்கியிருக்கு. இத்தன வருசமா இத எங்க வச்சிருந்தீங்க?”

“மாதா படத்துக்குக் கீழ,” என்றாள் ரொசிட்டா.

“எல்லாரும் அங்கனதான் வைக்கீங்க. மெழுகுவத்திச் சூடு, ஊதுவத்திப் புகை, மேல ஒரு மல்லிகைச் சரம். ஞாயித்துக்கிழமையானா ஈரத்துணி வச்சுத் தொடைக்க வேற செய்தீங்க. இதுக்கு இது கடல்லயே கெடந்திருக்கலாம்.”

ரொசிட்டா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அந்த ரிப்பேர் கடைக்கு வெளியே காற்று செம்மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது. புன்னைத்துறை கடலுக்குள் போன பிறகு, மிஞ்சியவர்களைக் கொண்டுவந்து இந்தச் செம்மணல் தேரியில்தான் குடியமர்த்தினார்கள். வெள்ளை மணலில் பிறந்தவர்கள் சிவப்பு மணலில் வந்து விழுந்தார்கள். துவைத்துக் காயப்போட்ட துணியில், ஆற வைத்த சோற்றில், சிலுவைச் சங்கிலியின் கண்ணிகளில் எல்லாம் அந்தச் சிவப்பு ஏறிக்கொண்டது.

புயலுக்கு முன்னால் புன்னைத்துறைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். அதன் நெற்றியில் ஒரு சின்னக் கண் உண்டு. படிப்பவரின் பார்வை எந்த வரியில் போகிறது, எங்கே தடுக்குகிறது, எதைத் தாண்டிக் குதிக்கிறது என்று அது தொடர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தின் கடைசி வரியைக் கண் கடந்தால்தான் அடுத்த பக்கம் வரும். பிள்ளைகள் உண்மையில் படிக்கிறார்களா என்று வாத்தியார் கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாடு. வாத்தியார் அதே பலகையில் அந்தப் பாடத்தைத் திறந்தால், பிள்ளையின் பார்வை ஒரு சிறு மஞ்சள் ஒளியாக வரிமேல் ஓடும். அவர் பின்தங்கினால் ஒளி வரியின் முடிவில் நின்று அவருக்காகக் காத்திருக்கும். இருவரும் முடித்த பிறகுதான் பக்கம் திரும்பும். வாத்தியார் ஒருதரம் பார்த்தால் போதும் என்பதால், அவர் படிக்கப் படிக்கப் பிள்ளையின் தடம் அழிந்து அவருடைய தடம் அங்கே பதிந்துவிடும். பிள்ளைகளின் பார்வையை யாரும் விற்றுவிடக் கூடாதென்று சட்டம் போட்டு, பிரதி எடுக்கவும் வழியில்லாமல் செய்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான்.

புயலோடு பிள்ளைகள் போன பிறகு பலகைகள் மிஞ்சின. அவற்றுக்குள் தடங்கள் மிஞ்சின.

முதலில் அதைக் கண்டுபிடித்தவர் கிளாட்வின் அண்ணன். மகனின் அறிவியல் பாடத்தைத் திறந்தார். ஒளிச்சேர்க்கை என்ற தலைப்பின்மேல் மஞ்சள் ஒளி தாவி ஓடியது. மகன் ஓடுவது போலவே ஓடியது. அன்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் மறுபடி திறந்தார். ஒளி ஒவ்வொரு சொல்லாகத் தடுமாறித் தடுமாறி நகர்ந்தது. அது தன்னுடைய கண்தான் என்று அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. அதற்குப் பிறகு தேரியில் யாரும் பலகையைத் திறக்கவில்லை. திறக்காதவரை பிள்ளை உள்ளே இருக்கிறது.

“இனி வச்சிருந்தும் பிரயோசனம் இல்ல பிள்ள,” என்றாள் ஷமீலா. “சிப்பு அரிச்சிட்டு வருது. இந்த மழைக்காலத்தத் தாண்டாது. புது பேட்டரி போட்டுத் தாரேன். மழைக்கு முன்ன ஒருதடவ படிச்சா படிச்சதுதான். இல்லன்னா யாரும் படிக்காமயே போயிரும்.”

“படிக்கும்போது வீடியோ எடுத்துக்கலாம்லக்கா?”

“எடுத்தவங்க இருக்காங்க. ஒரு மஞ்சப் புள்ளி ஓடும். அவ்வளவுதான். வீடியோவுல அது நமக்காக நிக்காதுல்லா.”

ரொசிட்டா எட்டிப் பலகையின் விளிம்பைத் தொட்டாள்.

“தடத்தத் தொடாம மேலாப்புல ஒரு படம் மட்டும் எடுக்கலாம். பாக்கியா?” ஷமீலா ஒரு வயரைச் செருகினாள். திரையில் ரொசிட்டாவின் அக்கா படித்த நாவல் முழுக்க, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிந்தது. எழுத்துகள் தெரியவில்லை. பார்வை விழுந்த இடமெல்லாம் மஞ்சள் தூள் தூவியது போல இருந்தது.

“இங்கன வரைக்கும் பாரு, எவ்வளவு கனமா இருக்கு. ஒரு வரி விடல. இதுக்கு அப்பறம் பாரு.”

அதற்குப் பிறகு வந்த கட்டங்களில் மஞ்சளே இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மெல்லிய கீற்று மட்டும்.

“உங்கக்கா இதுக்கு மேல படிக்கவே இல்ல பிள்ள. பக்கத்தத் தள்ளணும்னு கடைசி வரிய மட்டும் தொட்டிருக்கா. எந்தம்பி பரிட்சைக்கு முன்ன செய்யுத கள்ளத்தனம்.”

“இல்லக்கா. கடைசி வரைக்கும் எங்களுக்கு வாசிச்சா. முடிவு எனக்கு மனப்பாடம்.”

“அப்ப மிசின் பொய் சொல்லுது.” ஷமீலா தோளைக் குலுக்கினாள். பிறகு திரையை நெருங்கிப் பார்த்தாள். “இது என்னது? இந்தா, கனமா இருக்குத கடைசிப் பக்கத்துல. பக்கத்துக்கு வெளிய ஒரு புள்ளி. இடது கைப் பக்கம், கீழ. கண்ணு ரொம்ப நேரம் அங்கனயே நின்னிருக்கு.”

“என்ன எழுதியிருக்கு அந்தப் பக்கத்துல?”

“திறந்தாத்தான் தெரியும்,” என்றாள் ஷமீலா.

*

வீட்டில் அம்மா சகாயராணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாதா படத்துக்குக் கீழே பலகை இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் ஒரு சதுரமாகத் தெரிந்தது.

“எங்கட்டி அது?”

“ஷமீலாக்காகிட்ட காட்டிட்டு வந்தேன்மா. பேட்டரி வெடிச்சிரும்னா. புதுசு போட்டாச்சு.”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். கைக்குழந்தையை வாங்குவது போல, அடியில் ஒரு கை கொடுத்து.

ரொசிட்டா கேட்டதை எல்லாம் சொன்னாள். மழைக்காலத்தைத் தாண்டாது என்றதும் அம்மா அதைப் பழையபடி மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். படிக்கட்டுமா என்றதும் கீரைக் கட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“அந்தப் புக்கு என் பிள்ளைய முழுங்கிச்சு. இப்ப அது வாய நீ திறந்து பாக்கப் போறியாக்கும்.”

“எம்மா, புக்கு என்ன செய்யும்?”

“நீதானட்டி வந்து சொன்ன.”

ரொசிட்டா சொன்னது உண்மைதான். அவளுக்கு அப்போது எட்டு வயது, அக்கா இமெல்டாவுக்குப் பதினாறு. முதல் புயலில் அப்பாவின் படகு திரும்பவில்லை. ஊர் முழுக்கப் பள்ளியின் மேல்மாடியில் ஏறி இருந்தது. தண்ணீர் இரண்டாம் முறை ஏறியபோது மீட்புப் படகுகள் வந்தன. கால் முறிந்து கிடந்த அம்மாவை அடிபட்டவர்களோடு முதலில் ஏற்றிவிட்டார்கள். கடைசியாக வந்த படகில் ஒரே ஓர் இடம் மிஞ்சியிருந்தது. இமெல்டா ரொசிட்டாவைத் தூக்கி அதில் வைத்தாள். பலகையை மடியில் போட்டாள். “நீ போ, நான் அடுத்ததுல வாரேன்,” என்றாள். அடுத்தது என்று ஒன்று வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக் கேட்டபோது ரொசிட்டா சொன்னாள்: “அக்கா அடுத்ததுல வாரேன்னா. கதையில வர்ற எல்கா சொல்லுவால்லா, அதே மாதிரி.”

அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த நாவல்தான் எதிரி. கடலைக்கூட அவள் மன்னித்துவிட்டாள்.

நாவலின் பெயர் ‘வெளிச்சமில்லாத வடக்கு’. எங்கோ பனி நாட்டில் யாரோ எழுதி, ஆங்கிலத்துக்கு வந்து, பள்ளிப் பலகைக்குள் எப்படியோ புகுந்த சிறார் நாவல். பிள்ளைகள் பிழைத்துக் கிடப்பதைப் பற்றிய கதை. உலகத்தின்மேல் தூசு மூடி வெயில் செத்துப்போகிறது. மிஞ்சியவர்கள் இயந்திரச் சறுக்குவண்டிகளில் தெற்கு நோக்கிப் போகிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டிகள் குறைகின்றன. எல்கா என்ற பெண்ணும் அவளுடைய குட்டித் தம்பி யூனியும் ஒவ்வொரு நிலையமாகத் தாண்டி வருகிறார்கள்.

இமெல்டா மேல்மாடியில் சுவரில் சாய்ந்துகொள்வாள். அவளுடைய இடது தொடையில் ரொசிட்டா தலை வைத்துப் படுத்திருப்பாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள். அக்கா ஆங்கிலத்தில் படித்து அப்படியே தமிழில் சொல்லுவாள். புன்னைத்துறைத் தமிழில்.

“பனின்னா எப்படிக்கா இருக்கும்?” என்று ஒருத்தன் கேட்டான்.

“மீனுக்கு ஐஸ் அடிக்குத பெட்டிக்குள்ள கையவிட்டா எப்படி இருக்கும்? அது ஊர் முழுக்க.”

எல்லாரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் வெந்நீர் போலக் கிடந்த வெள்ளத்துக்கு நடுவே அந்தப் பிள்ளைகளுக்குக் குளிரெடுத்தது.

ரொசிட்டாவுக்கு அதுதான் முதல் புத்தகம். அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தேசத்து நாவல்களுக்குள் போய்க் கிடந்திருக்கிறாள். அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாள். உலக நாவல்களை இயந்திரம் தமிழில் பெயர்த்துக் கொடுக்கும். அதை மூலத்தோடு வரி வரியாக ஒத்துப்பார்த்துத் திருத்துவது அவள் வேலை. ஒரு சொல் கூடவோ குறையவோ விடமாட்டாள் என்று பெயர். ஆனால் ‘வெளிச்சமில்லாத வடக்கு’ என்ற நாவலை மட்டும் அவள் தேடிப் போனதே இல்லை. தேடினால் அம்மாவுக்கு முகம் கொடுக்க முடியாது. இப்போது அக்காவின் முகம் போட்டோவில் இருக்கும் முகமாகவே சுருங்கிவிட்டது. குரல் எப்போதோ போய்விட்டது. அக்கா உயிரோடு நின்றிருந்த ஒரே இடம் அந்தப் பக்கங்கள்தான். அவையும் இந்த மழையோடு போகும். யாரும் பார்க்காமலே போகும்.

சில நாட்கள் வீட்டில் சோறு போடும் கரண்டிச் சத்தம் மட்டும் பேசியது. தெற்கே மேகம் திரண்ட ஒரு மத்தியானம் அம்மா பலகையை எடுத்துவந்து ரொசிட்டாவின் முன்னால் வைத்தாள். அவளுக்கு வலது பக்கத்தில், ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“படி. ஆனா சத்தமா படி. என்ன சொல்லி என் பிள்ளைய ஏமாத்துச்சுன்னு நான் கேக்கணும்.”

“எம்மா, படிச்சா அழிஞ்சிரும். தெரியும்லா?”

“தெரியும். படி.”

*

முதல் பக்கம் விரிந்ததும் மேல் மூலையில் மஞ்சள் ஒளி வந்து உட்கார்ந்தது. ஒரு கடுகளவுதான். ரொசிட்டாவின் கண் முதல் சொல்லைத் தொட்டதும் அதுவும் நகர்ந்தது.

“வந்துட்டாளா?” என்றாள் அம்மா.

“இந்தா. இந்த வரியில நிக்கா.”

அம்மா விரல் நுனியால் ஒளியைத் தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை போல. விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ரொசிட்டா வாசித்தாள். ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொன்னாள். அக்காவின் ஒளி வர்ணனைகளில் தடதடவென்று ஓடியது. யாராவது பேசினால் நின்று நிதானமாகப் போனது. தெரியாத சொல் வந்தால் ஒருமுறை திரும்பி வந்து முட்டியது. சில வரிகளில் அது முந்திக்கொண்டு, முடிவில் நின்று தங்கைக்காகக் காத்திருந்தது. சில வரிகளில் ரொசிட்டா காத்திருந்தாள். பதினாறு வயதுப் பிள்ளையின் ஆங்கிலம். அங்கங்கே மூச்சு வாங்கும்தானே.

“இப்ப என்ன பாக்கா?”

“ஸ்டேசன்ல எல்லாருக்கும் கஞ்சி ஊத்துதாங்க. அதப் படிக்கா.”

சொல்லிவிட்டு ரொசிட்டா சிரித்துவிட்டாள்.

“என்னட்டி?”

“புட்டு இல்லம்மா. அக்கா வாசிக்கும்போது அந்த ஸ்டேசன்ல புட்டும் பயறும் கொடுப்பாங்க. இங்க வெறும் மாவுக் கஞ்சி.”

“அவளுக்குக் கஞ்சின்னாலே ஆகாது,” என்றாள் அம்மா. அவள் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது.

புட்டு மட்டுமில்லை. எல்கா நிலையக் கண்காணிப்பாளனைப் பார்த்துச் சொல்லும் வசவுகள் இல்லை. யூனி பனியில் நண்டு தேடி ஏமாறும் பக்கம் இல்லை. ரொசிட்டா தன் பிள்ளைப்பருவம் முழுக்கச் சிரித்த இடங்களில் எல்லாம் நாவல் இறுகிய வாயோடு கடந்து போனது. அது நினைத்ததைவிடக் குளிர்ந்த புத்தகமாக இருந்தது. எல்காவின் தாய் முதல் நிலையத்திலேயே ஒரு வரியில் செத்துப்போகிறாள். அந்த ஒரு வரியை எட்டு வயதில் கேட்ட நினைவே இல்லை. இப்போது அதை அவள் இரண்டாம் முறை படித்தாள். ஒளி வரி முடிவில் நின்று காத்திருந்தது.

வெளியே முதல் இடி உருண்டது. கதை கடைசி நிலையத்துக்கு வந்தது. கடைசி வண்டி. ஒரே ஓர் இடம். அம்மா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று ரொசிட்டாவுக்குத் தெரிந்தது.

அடுத்த பக்கம் விரிந்தது. ஒளி வரிகளில் இறங்கியது. நடுவில் ஒரு வரியில் நின்றது. மேலே போனது. மறுபடி இறங்கி அதே வரிக்கு வந்தது.

அந்த வரியை ரொசிட்டா படித்தாள். மனசுக்குள்.

*எல்கா, தன் மேலங்கியைப் பற்றியிருந்த யூனியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ‘நீ அடுத்த வண்டியில் வா’ என்றாள். ஏறி அமர்ந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கிறவர்கள் பிழைப்பதில்லை.*

அவளும் மேலே போய் மறுபடி இறங்கினாள். அதேதான். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்போது மஞ்சள் ஒளி வரியை விட்டு விலகியது. ஓரத்துக்குப் போனது. பக்கத்துக்கு வெளியே, இடது பக்கம் கீழே, பலகையின் விளிம்பில் போய் நின்றது. அங்கே எழுத்து எதுவும் இல்லை. வெறும் கறுப்புச் சட்டம்.

ஒளி அங்கேயே நின்றது.

இடது பக்கம் கீழே. தொடையில் தலை வைத்துப் படுத்திருந்தால் முகம் அங்கேதான் இருக்கும்.

ரொசிட்டாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் அக்கா நிறுத்தினாள். “யாராவது தண்ணி குடுங்கட்டி, தொண்ட வறண்டுட்டு,” என்றாள். பாட்டில் மூடியில்தான் தண்ணீர் அளந்து கொடுப்பார்கள். அதை மெதுவாகக் குடித்தாள். குடித்துவிட்டுத் தங்கையின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். பிறகு சொன்னாள்: எல்கா யூனியத் தூக்கி வண்டியில வச்சா. நீ போ, நான் அடுத்ததுல வாரேன்னா.

மறுவாசிப்பு என்று நினைத்துத்தான் ரொசிட்டா உட்கார்ந்திருந்தாள். இந்த நாவலை அவள் இதற்கு முன் படித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. அவள் கேட்டது வேறு ஒன்று. அதை எழுதியவளுக்குப் பதினாறு வயது. எழுதி முடிக்க அவளுக்குக் கிடைத்தது ஒரு மூடித் தண்ணீர் குடிக்கும் நேரம்.

“ஏன் நிறுத்திட்ட?” என்றாள் அம்மா.

ரொசிட்டா பலகையிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். நரைத்த புருவம். அதற்குக் கீழே, அடி வாங்கத் தயாராக நிற்கும் கண்கள். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வரியைச் சொல்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. புத்தகம்தான் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு வார்த்தை போதும். அம்மா நம்பியிருப்பது அப்படியே இருக்கும். வைது தீர்க்க ஒரு எதிரி இருப்பான். மாற்றிச் சொல்வது எவ்வளவு எளிது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“சொல்லுட்டி.”

ரொசிட்டா மெதுவாக, உள்ளது உள்ளபடி, தமிழில் சொன்னாள்.

அம்மா அசையவில்லை.

“திரும்ப வாசி.”

மறுபடி வாசித்தாள்.

“அப்ப புக்குல அந்தப் பிள்ள தம்பிய விட்டுட்டுப் போயிருதா?”

“ஆமாம்மா.”

“பிழைச்சிருதா?”

“பிழைச்சிருக்கும். அதோட கதைதானே மிச்சப் புக்கு.”

“இவளுக்கு அது தெரியுமா?”

“தெரியும்மா. ரெண்டு தடவ படிச்சிட்டா. இந்தா, இங்கன நிக்கா. எங்களுக்கு மாத்திச் சொல்லிட்டா.”

அம்மா விளிம்பில் நின்ற ஒளியைக் குனிந்து பார்த்தாள். மூச்சு பலகையின்மேல் படிந்தது.

“புக்கு ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. ‘ஏறிப் போயிரு’ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு,” என்றாள். “இந்தக் கள்ளி கேக்கல.”

பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. ரொசிட்டா அவள் முதுகில் கை வைத்தாள். தகரக் கூரையில் பெரிய துளிகளாக மழை விழத் தொடங்கியது.

“இத்தன வருசம் அந்தப் புக்கத் திட்டினேன்,” என்றாள் அம்மா. “இனி நான் யாரத் திட்ட?”

ஒளி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. ரொசிட்டாவின் கண் பலகைக்குத் திரும்பியதும், அது பெருமூச்சு விட்டது போல உள்ளே வந்தது. வரிகளைத் தொடாமல் நேரே அடிக்கு இறங்கியது. கடைசி வரியை மட்டும் தடவிவிட்டு நின்றது.

“மிச்சத்த வாசிக்கட்டுமாம்மா?”

“அந்தப் பிள்ள கத எனக்கு எதுக்கு?” அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். “இவ சொன்னதச் சொல்லு.”

ரொசிட்டா கடைசி வரியைக் கண்ணால் தொட்டாள். பக்கம் திரும்பியது. புதிய பக்கத்தில் ஒளி நேரே அடிக்குப் போய்க் காத்திருந்தது. அவளும் எழுத்துகளைப் பார்க்கவில்லை. எல்கா வண்டியின் சக்கரத் தடத்தைப் பிடித்து நடக்கத் தொடங்கியதைச் சொன்னாள். சறுக்குவண்டிக்குச் சக்கரம் இல்லை. ஆனாலும் அக்கா அப்படித்தான் சொன்னாள். எல்கா வழியில் ஒரு மீன்பெட்டியை உடைத்துத் தீ மூட்டியதைச் சொன்னாள். ஓநாய்களிடம் அவள் பேசிய வசவுகளை ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா, “இது எங்க அத்த வையுத வசவுல்லா!” என்று அழுகைக்கு நடுவே சிரித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அக்காவின் கண் வந்து நின்றது, தங்கையின் கண் அதைப் போய்த் தொட்டது, பக்கம் திரும்பியது. இருவருமாக அந்த நாவலைப் படிக்காமலே கடந்து போனார்கள்.

முடிவில் எல்கா ஒரு கடற்கரைக்கு வந்து சேருவாள். பனி அங்கே மணலாக மாறும். யூனி புட்டு தின்றுகொண்டிருப்பான். இவளைப் பார்த்ததும் பாதியைப் பிட்டு நீட்டுவான்.

“வந்துட்டாளா?”

“வந்துட்டாம்மா.”

கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ஒளி நின்றது. இதையும் தொட்டுவிட்டால் போய்விடும். ரொசிட்டா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். மாதா படத்தைப் பார்த்தாள். வாசலில் சிவப்பாக ஓடிய மழைத்தண்ணீரைப் பார்த்தாள். திரும்பியபோதும் ஒளி அங்கேயே இருந்தது, அவளுக்காக.

“விடுட்டி,” என்றாள் அம்மா. “பிள்ள எவ்வளவு நேரம் காத்துக் கெடப்பா?”

ரொசிட்டா வரியைப் பார்த்தாள்.

*

மழை ஓய்ந்து வெயில் வந்த ஒரு காலையில் பலகை திறக்க மறுத்தது. அம்மாதான் ஷமீலாவிடம் கொண்டுபோகச் சொன்னாள். மாதா படத்துக்குக் கீழே இனி அது வேண்டாம், உயிர் இருந்தால் யாராவது பிள்ளைக்குக் கொடு என்றாள்.

ஷமீலா மூடியைக் கழற்றி ஊதினாள். வயரைச் செருகினாள். திரை ஒருமுறை நடுங்கிவிட்டு, கட்டங்களாக விரிந்தது.

“நீ படிக்கவே இல்லையா பிள்ள? உங்கக்கா தடம் அப்படியே இருக்கே.”

“படிச்சிட்டேன்க்கா. அழிஞ்சிட்டு.”

“எங்க அழிஞ்சிருக்கு? இந்தா பாரு. இங்கன வரைக்கும் கனமா இருக்கு. அதுக்கு அப்பறம் அடியில கோடு மட்டும். நான் அன்னைக்குக் காட்டின அதே படம்.” அவள் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத் திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தாள். “இரு. இந்தப் புள்ளி மாறியிருக்கு. பக்கத்துக்கு வெளிய நிக்குதே, அது. இப்ப வலது பக்கம் இருக்கு. அங்கன என்ன இருந்துச்சு?”

“எங்கம்மா.”

“முன்ன இடது பக்கம்லா இருந்துச்சு? அது?”

திரை மறுபடி நடுங்கியது. கட்டங்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக இருண்டுகொண்டு வந்தன.

“அது நான்,” என்றாள் ரொசிட்டா.